காலில் வளராதது, கண்ணில் வளர்ந்தது

தமிழில் 'வளர்ச்சி' என்ற சொல்லை யாரும் சந்தேகப்படுவதில்லை. பிள்ளை வளர்ந்தால் சந்தோஷம், பயிர் வளர்ந்தால் சந்தோஷம், நாடு வளர்ந்தால் அமைச்சருக்குச் சந்தோஷம். கட்டி வளரும்போதுகூட நாம் கட்டியைத்தான் திட்டுகிறோம். வளர்ச்சி தப்பித்துவிடுகிறது.

நான் கெடாவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் நடப்பது மலாயில், நான் படித்ததில் பாதி ஆங்கிலத்தில், வீட்டில் பேசுவது தமிழ். மூன்றுக்கும் நடுவில் ஓடிப் பழகியதால் அம்மாவின் மருத்துவமனைச் சந்திப்புகளுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். அம்மாவுக்கும் மலாய் வரும். சந்தைக்கும் பேருந்துக்கும் போதுமான மலாய். விழித்திரையைப் பற்றிப் பேசுகிற மலாய் வேறு.

கண் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அம்மாவின் வலது கண்ணின் உட்புறப் படம். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம். கண்ணுக்குள் நரம்பு நுழையும் இடத்தின் மேல், சீப்பில் சிக்கிய முடியைப் போல மெல்லிய சிவப்பு இழைகள். "சாலூரான் டாரா பாரு" என்றார். நான் அம்மாவிடம் சொன்னேன்: "கண்ணுக்குள்ள புதுசா ரத்தக்குழாய் வளருதாம்மா."

அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப நல்லதுதானே? உங்கப்பா காலுக்கு ரத்தம் போகாமத்தானே வெட்டி எடுத்தாங்க. எனக்காவது வளருதே."

அம்மா என்ன கேட்டார் என்று மருத்துவர் விசாரித்தார். மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "சோலான் யாங் பாகுஸ்" என்றார். நல்ல கேள்விதான். ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அது கெட்ட குழாய், உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும், லேசரும் ஊசியும் வேண்டும் என்பதோடு அன்றைய விளக்கம் முடிந்தது.

அம்மாவின் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. இருவருக்கும் ஒரே இனிப்பு நீர் வியாதி. ஒரே சமையல், ஒரே மருந்துப் பெட்டி. அப்பாவின் காலில் குழாய் வளர வேண்டியிருந்தது; வளரவில்லை. அம்மாவின் கண்ணில் அது வந்து கெடுக்கிறது. பல மாதங்கள் படித்து, அம்மாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் அப்பாவின் கால்.

செருப்புக்குள் கிடந்த ஒரு சிறு கல். அது அவருக்குத் தெரியவே இல்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா தரையில் ஈரத்தடத்தைப் பார்த்து, "என்னாங்க, கால்ல என்னா?" என்று கேட்டபோதுதான் புண் இருப்பது தெரிந்தது. முதலில் சுண்டுவிரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே. அதற்குப் பிறகு அப்பா இரண்டு வருடம் இருந்தார்.

ஒரு நல்ல உடம்பில் புண் எப்படி ஆறும் என்பதை வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். தோல் கிழிந்ததும் ரத்தத்தட்டுகள் ஓடிவந்து அடைக்கின்றன. அடைத்த கையோடு அவை தம்மிடமுள்ள வளர்ச்சிக் காரணிகளை வெளியே கொட்டுகின்றன. வளர்ச்சிக் காரணி என்பது ஒரு செய்தி. 'இங்கே வா', 'பெருகு', 'இந்தப் பக்கம் நகர்' என்று அடுத்த செல்லுக்குச் சொல்லும் புரதம். அடுத்து நோய் எதிர்ப்பு அணுக்கள் வரும். முதலில் வருபவை கிருமிகளோடு சண்டை போடும். பின்னால் வரும் பெருவிழுங்கணுக்கள், மாக்ரோஃபேஜ் என்பார்களே அவை, செத்ததைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்யும். சுத்தம் செய்து முடித்ததும் அவற்றின் குணம் மாறும். கட்டுமான வேலையில் இறங்கும். அவையே வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, பக்கத்திலுள்ள நுண்குழாய்களை முளைவிடச் சொல்லும். ஆறிவரும் புண்ணில் சிவப்பாக, தொட்டால் ரத்தம் வருகிற இளஞ்சதை தெரியுமே, அந்தச் சிவப்பு முழுக்கப் புதுக்குழாய்கள்தான். புண் மூடியதும் அந்தக் குழாய்களில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடும். தழும்பு வெளுத்துப்போவது அதனால்தான்.

இதில் நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது ஒன்று. சண்டை போடும் அணுக்களும் கட்டும் அணுக்களும் வெவ்வேறு கட்சிகள் இல்லை. நோய் எதிர்ப்பு என்று நாம் பெயர் வைத்துவிட்டதால் அது எப்போதும் எதிர்த்துக்கொண்டே இருக்கும் என்று நினைக்கிறோம். எதிர்ப்பு அதன் முதல் வேலை. இரண்டாவது வேலை பழுதுபார்ப்பது. முதல் வேலையை நிறுத்தத் தெரிந்தால்தான் இரண்டாவதைத் தொடங்க முடியும்.

அப்பாவின் காலில் அந்த மாற்றம் நடக்கவில்லை. சர்க்கரை மிகுந்த உடம்பில் பெருவிழுங்கணுக்கள் சண்டை நிலையிலேயே சிக்கிக்கொள்கின்றன. நாள்பட்ட புண்ணில் சுரக்கும் நொதிகள், வருகிற வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்து அரித்துவிடுகின்றன. பெரிய தமனிகளும் அடைத்திருந்தால் முளைவிட்ட குழாய்க்கும் ரத்தம் வராது. நரம்பு மரத்துப்போனதால் வலியும் வந்து எச்சரிப்பதில்லை. 'குழாய் வேண்டும்' என்ற செய்தி புண்ணிலிருந்து போதுமான அளவில் கிளம்பவே இல்லை. கிளம்பியதும் வழியிலேயே அழிந்தது. இந்தக் குறையை வெளியிலிருந்து நிரப்பலாம் என்று ஒரு வளர்ச்சிக் காரணியைக் களிம்பாகவே செய்து, நீரிழிவுக் கால்புண்ணுக்குத் தடவ 1997-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஒரு தனிச்செய்தியை மட்டும் தடவிவிட்டால் எல்லாப் புண்ணும் ஆறிவிடுவதில்லை. செய்தி கேட்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ரத்தம் வேண்டும்.

*

இப்போது அம்மாவின் கண்.

விழித்திரை ஒரு மெல்லிய தாள். அதன் பசியோ பெரிய பசி. எடைக்கு எடை பார்த்தால் உடம்பில் ஆக்சிஜனை மிக அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் அதுவும் ஒன்று. அதற்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களைச் சுற்றிப் பெரிசைட் என்ற அணுக்கள் கைகோத்துக் கட்டிப்பிடித்திருக்கும். வருடக்கணக்கில் சர்க்கரை ஏறி இருந்தால் முதலில் சாகும் அணுக்களில் இவை சேர்த்தி. பிடி விட்ட இடத்தில் குழாய் சிறு கொப்புளமாக உப்பும். பிறகு கசியும். பிறகு சில குழாய்கள் அடைத்தே போகும்.

அடைப்பதில் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் பங்கு உண்டு. நீரிழிவு உள்ள விழித்திரையில் குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. நழுவிப் போக வேண்டிய வெள்ளையணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. நுண்குழாயின் அகலமே ஓர் அணு நெளிந்து போகும் அளவுதான். அதில் ஒன்று நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். ஒட்டிய அணு சுவரையும் சேதப்படுத்தும்.

இப்படி ரத்தம் நின்றுபோன பகுதி உடனே செத்துவிடுவதில்லை. மூச்சுத் திணறிக்கொண்டு உயிரோடு இருக்கிறது. அங்கேதான் கதை மாறுகிறது. நம் செல்களுக்குள் ஹிஃப் என்று ஒரு புரதம் எப்போதும் தயாராகிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் இருக்கும்வரை அது உடனுக்குடன் அழிக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பவர்களுக்கு வேலை ஓடாது. ஹிஃப் தப்பித்து உட்கருவுக்குள் போய்ப் பல மரபணுக்களைத் தட்டி எழுப்பும். அதில் ஒன்று விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணு. செல் ஆக்சிஜனை உணரும் இந்த முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

விஇஜிஎஃப் வெளியே வந்ததும் அருகிலுள்ள குழாய்ச்சுவரில் ஒரு செல் முனைசெல்லாக மாறி, விரல்களைப் போல நீட்சிகளை விட்டு, செய்தி எங்கிருந்து பலமாக வருகிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டே முன்னால் போகும். மற்றவை பின்னால் பெருகிக் குழாயாகும். தாயின் வயிற்றில் நமக்குக் குழாய்கள் உண்டானதும் இப்படித்தான். விஇஜிஎஃப் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கினாலே எலிக்கரு பிறக்கும் முன்பே இறந்துபோகிறது என்று 1996-இல் காட்டினார்கள். அவ்வளவு வேண்டிய பொருள் இது.

இங்கே வரும்போது அம்மா கேட்டார்: "பசிக்குதுன்னு கூப்பிட்டுச்சு. சோறு கொண்டாந்தான். இதுல யாரு மேல தப்பு?"

யார்மேலும் இல்லை என்றுதான் சொன்னேன். அப்பாவின் காலில் கூப்பிட்டும் ஆள் வரவில்லை. அம்மாவின் கண்ணில் ஆள் வந்தும் கூப்பிடுவது நிற்கவில்லை. புதுக்குழாய்கள் பசித்த பகுதிக்குள் போய்ச் சேருவதே இல்லை. விழித்திரையின் மேற்பரப்பில், கண்ணின் நடுவிலுள்ள ஜெல்லியை நோக்கி, வெட்டவெளியில் படர்கின்றன. பசி அப்படியே இருக்கிறது. அதனால் செய்தியும் நிற்பதில்லை. மூடிய அறை மாதிரியான கண்ணுக்குள் விஇஜிஎஃப் தேங்கிக்கொண்டே போகிறது.

*

இந்தச் செய்திப் பொருளைக் கண்டுபிடித்த கதையை ஒரு புதினமாகவே எழுதலாம். ஒரே ஆளை மூன்று பேர் மூன்று பெயரில் தேடிய கதை.

1948-இல் ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர், ரத்தம் கிடைக்காத விழித்திரை ஏதோ ஒரு பொருளைக் கசியவிடுகிறது, அதுதான் புதுக்குழாய்களை வளர்க்கிறது என்று ஊகித்தார். என்ன பொருள் என்று அவரால் பிடிக்க முடியவில்லை. அவருடைய பார்வை கண்ணில் இருந்தது.

ஜூடா ஃபோக்மன் அறுவை மருத்துவர். அவருடைய பார்வை புற்றுநோயில். 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படை மருத்துவ ஆய்வகத்தில், உடம்பிலிருந்து பிரித்து உயிரோடு வைத்திருந்த தைராய்டு சுரப்பிகளில் புற்றணுக்களை வைத்துப் பார்த்தார். கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்ந்து நின்றுவிட்டது. அதே அணுக்களை எலிக்குள் வைத்ததும் பெருகியது. ரத்தக்குழாய் வந்து சேராமல் கட்டி வளர முடியாது, கட்டியே ஆளனுப்பிக் குழாயை வரவழைக்கிறது என்று 1971-இல் எழுதினார். பல வருடங்கள் அவரை யாரும் பெரிதாக நம்பவில்லை. கட்டியில் தெரியும் குழாய்கள் வெறும் அழற்சி என்றார்கள்.

ஹெரால்ட் டிவோரக், டொனால்ட் செங்கர் ஆகியோரின் குழு தேடியது கசிவை. கட்டிகளைச் சுற்றியுள்ள குழாய்கள் ஏன் இப்படி ஒழுகுகின்றன? கினிப்பன்றியின் கட்டியிலிருந்து கசியவைக்கும் புரதம் ஒன்றைப் பிரித்து 1983-இல் அறிவித்தார்கள். நெப்போலியோன் ஃபெராரா மாட்டின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து குழாயை வளர்க்கும் புரதம் ஒன்றைப் பிரித்தார். அதுதான் விஇஜிஎஃப். 1989-இல் இரண்டின் வரிசையையும் ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே புரதம். வளர்ப்பவனும் ஒழுகவைப்பவனும் ஒருவனே. 1994-இல் நீரிழிவு நோயாளிகளின் கண் திரவத்தில் அதே விஇஜிஎஃப் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். மைக்கேல்சன் தேடிய ஆளும் இவன்தான்.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் பாதித்தது டிவோரக் 1986-இல் எழுதிய ஒரு கட்டுரை. புற்றுக்கட்டி என்பது ஆறாத புண் என்று அதில் வாதிட்டார். கட்டி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. புண்ணை ஆற்ற உடம்பு வைத்திருக்கும் அதே வேலைமுறையைத்தான் எடுத்துக்கொள்கிறது. குழாய் கசியும், உறையும், அணுக்கள் வரும், புதுக்குழாய் முளைக்கும். 'போதும்' என்ற கடைசிக் கட்டம் மட்டும் வருவதில்லை. பிற்பாடு, கட்டிக்குள் குடியேறிய பெருவிழுங்கணுக்களே விஇஜிஎஃப் சுரந்து கட்டிக்கு உதவுவதும் தெரிந்தது. அழிக்க வந்தவை, புண் என்று நம்பி ஆற்றத் தொடங்கிவிடுகின்றன.

அம்மாவின் கண்ணிலும் இதே வட்டம் சுற்றுகிறது. விஇஜிஎஃப் குழாய்ச் சுவரை இன்னும் ஒட்டும்படி செய்கிறது. இன்னும் வெள்ளையணுக்கள் ஒட்டுகின்றன. விழித்திரையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் காவல் அணுக்களும் கலவரமடைகின்றன. இவையெல்லாம் சேர்ந்து அழற்சிப் பொருள்களோடு விஇஜிஎஃபையும் சுரக்கின்றன. பசி அணுக்களை அழைக்கிறது. வந்த அணுக்கள் அடைப்பை அதிகமாக்கிப் பசியை வளர்க்கின்றன.

*

அம்மா பதினாறு வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்ன வருடம்வரை வெட்டினார். ஏன் இந்தக் குழாய்கள் கெட்டவை என்று நான் சொல்லத் தொடங்கியபோது அவர் என்னை முந்திக்கொண்டார்.

"உளி பட்டைக்குள்ளதான் போவணும். அதுக்கும் உள்ள கட்டையில பட்டுச்சின்னா மரத்துக்குக் காயம். தண்டல் பார்த்தாருன்னா அன்னைக்கு வாங்கிக் கட்டிக்கணும். நல்லா வெட்டுன இடத்துல ஏழெட்டு வருசத்துல புதுப்பட்டை வழுவழுன்னு வந்துடும். திரும்ப வெட்டலாம். காயம்பட்ட இடத்துலயும் வரும், ஆனா முண்டும் முடிச்சுமா வரும். அதுல உளி நிக்காது. பாலும் கோட்டுல ஓடி மங்குக்கு வராது, கண்ட பக்கம் வழியும்."

பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக இருந்தது. மரப்பட்டைக்கு உள்ளே, பால்குழாய்களை உண்டாக்கும் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதைத் தொடாமல் சீவினால் பட்டை ஒழுங்காக மீளும். அதைக் காயப்படுத்தினால் மரம் அவசரத்தில் தோன்றியபடி அடைக்கும். அம்மாவின் கண்ணில் வளர்ந்த குழாய்களும் அந்த முண்டுப்பட்டை மாதிரிதான். பெரிசைட் அணுக்கள் சுற்றிக் கட்டுவதற்கு முன்பே அடுத்த முளை கிளம்பிவிடுகிறது. சுவர் மெல்லியது. செல்களுக்கு இடையே இடைவெளி. உடம்பு நிதானமாகக் கட்டும் குழாயில் ஓரளவு விஇஜிஎஃப், அதன் பின்னால் சுவரை உறுதியாக்கும் வேறு செய்திகள் என்று ஒரு வரிசை இருக்கும். இங்கே முதல் செய்தி மட்டும் ஓயாமல் கத்துகிறது. கண்ணின் ஜெல்லி கொஞ்சம் இழுத்தாலும் குழாய் கிழியும். அம்மா ஒரு காலையில், "கண்ணுக்குள்ள கறுப்பு நூலு நூலா இறங்குதுடி" என்றது அப்படிக் கிழிந்த ஒன்றிலிருந்து வந்த ரத்தம். குழாயோடு சேர்ந்து வளரும் தழும்புத் திசு சுருங்கினால் விழித்திரையையே பிடுங்கிவிடும். பார்வை நிரந்தரமாகப் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

*

அம்மாவுக்கு முதலில் கொடுத்தது லேசர். இந்தச் சிகிச்சையின் மூலம் ஒரு சூரிய கிரகணம். 1945-இல் வெறும் கண்ணால் கிரகணம் பார்த்த ஒருவரின் விழித்திரையில் விழுந்த தழும்பைப் பார்த்த ஜெர்மன் மருத்துவர் மேயர்-ஷ்விக்கெராத், ஒளியால் சுட்டு வைத்தியம் செய்ய முடியுமா என்று யோசித்தார். அதிலிருந்து வளர்ந்த முறையில் இன்று விழித்திரையின் ஓரப்பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சுடுகிறார்கள். குழாய்களைச் சுடுவதில்லை. பசித்திருக்கும் விழித்திரையைச் சுடுகிறார்கள். ஆக்சிஜன் கேட்கும் செல்கள் குறைந்தால் இருப்பவற்றுக்குப் போதும், விஇஜிஎஃப் இறங்கும், குழாய்கள் வாடும். கடுமையான பார்வையிழப்பை இது பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 1976-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. பதிலுக்கு ஓரப்பார்வையும் இருட்டில் பார்ப்பதும் கொஞ்சம் குறையும்.

இதை நான் விளக்கியபோது அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்தார். "சம்பளம் கொடுக்க முடியலன்னு ஆளைக் குறைக்கிற மாதிரி." தோட்டத்தில் அது எப்படி நடந்தது என்று அவருக்குத் தெரியும். நான் மேற்கொண்டு பேசவில்லை.

அடுத்தது ஊசி. செய்தியையே பிடித்துக்கொள்ளும் மருந்து. ஃபெராராவின் குழு விஇஜிஎஃபைப் பிடிக்கும் ஓர் எதிர்ப்புப் புரதம் எலியில் கட்டி வளர்வதைத் தடுக்கிறது என்று 1993-இல் காட்டியது. எதிர்ப்புப் புரதம் என்பதே நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஆயுதம்தான். கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் அச்சை எடுத்து, நம் சொந்தப் புரதத்தைப் பிடிக்க வார்த்திருக்கிறார்கள். அதன் மனிதப் பயன்பாட்டு வடிவம், அவாஸ்டின் என்ற பெயரில், 2004-இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு வந்தது. 2006-இல் அதே குடும்பத்துச் சிறிய மூலக்கூறு லூசென்டிஸ், முதுமையில் வரும் ஒருவகை விழித்திரைச் சிதைவுக்கு வந்தது. அதற்குள் மயாமியில் பிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற கண் மருத்துவர், புற்றுநோய் மருந்தையே சிறு அளவாகப் பிரித்துக் கண்ணில் போட்டுப் பார்த்திருந்தார். 2011-இல் அமெரிக்க அரசின் நிதியில் நடந்த ஆய்வு, அந்த முதுமை நோயில் இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்று சொன்னது. அப்போது அங்கே ஒன்றின் விலை ஓர் ஊசிக்கு சுமார் 2000 டாலர், மற்றொன்று சுமார் 50 டாலர். வளர்ச்சிக் காரணியைப் பற்றிப் படிக்கப்போய் விலையின் வளர்ச்சியையும் படித்தேன்.

கண்ணில் ஊசி என்றால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நடப்பது இதுதான்: மரத்துப்போகச் சொட்டுமருந்து, பழுப்பு நிறக் கிருமிநாசினி, இமையை விரித்துப் பிடிக்க ஒரு சிறு கம்பி. கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில் மிக மெல்லிய ஊசி. உள்ளே போவது 0.05 மில்லிலிட்டர், ஒரு சொட்டு. சில நொடிகள். முதல் தடவை அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த தடம் சாயங்காலம்வரை இருந்தது. நான்காவது தடவை, பக்கத்தில் அழுதுகொண்டிருந்த சீன அம்மாவிடம் தன் சந்தை மலாயில், "தா சாக்கிட் லா, செக்கெஜாப் சாஜா" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசிக்குப் பிறகு அந்த முடிச்சிக்கு சுருங்கியதைப் படத்தில் பார்த்தேன். நிம்மதிதான். ஆனால் மருந்து சில வாரங்களில் கரைந்துபோகும். பசி தீரவில்லை என்றால் செய்தி மறுபடி கிளம்பும். அதனால்தான் முதலில் மாதாமாதம், பிறகு இடைவெளி விட்டு, என்று போகிறது. ஊசியை மட்டும் நம்பி, நடுவில் வராமல் போகிறவர்களுக்குக் குழாய்கள் மீண்டும் முளைக்கும் என்பதால்தான் லேசரையும் சேர்த்துச் செய்தார்கள். சிலருக்கு ஊசியால் மட்டும் வீக்கம் வற்றுவதில்லை. அவர்களுக்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைக் கண்ணில் வைக்கிறார்கள். அது பலன் கொடுப்பதே, இந்த நோயில் நோய் எதிர்ப்பு அணுக்களின் கை இருப்பதற்கு ஒரு சாட்சி. அதற்கும் விலை உண்டு: கண்புரை வரலாம், கண் அழுத்தம் ஏறலாம்.

*

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். நம் கல்யாண மண்டபத்தில் ஒரு மேசைக்குப் பத்துப் பேர் உட்கார்ந்தால் மூவர். இதைப் பற்றி நம்மிடம் நகைச்சுவை இருக்கிறது, கைவைத்தியம் இருக்கிறது, 'நம்ம பரம்பரை' என்ற பெருமூச்சு இருக்கிறது. பார்வை மங்காமலேயே விழித்திரை கெட்டுக்கொண்டிருக்கும் என்ற செய்தி மட்டும் வீடுகளுக்குள் வந்து சேரவில்லை. குழாய் கிழிவதற்கு முந்தைய நாள்வரை அம்மா ஊசியில் நூல் கோத்தார். கண் நன்றாகத் தெரிகிறது என்பது கண் நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை. வகை இரண்டு நீரிழிவு என்று தெரிந்த நாளிலேயே விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான். எடுக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள்.

என் தம்பிக்கு 34 வயது. லாரி ஓட்டுகிறான். போன வருடம் இனிப்பு நீர் என்று தெரிந்தது. "கண்ணு தெரியாமயா கெடாவுலேருந்து ஜொகூர் வரைக்கும் ஓட்டுறேன்?" என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டான். ஒரு வியாழக்கிழமை, இரவு ஓட்டம் முடித்துத் தூங்காமல் வந்தவனை அப்படியே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

படத்தில் அவனுடைய விழித்திரை அழகாக இருந்தது. குழாய்கள் நரம்பு வட்டத்திலிருந்து கிளம்பி, பிரிந்து, ஒழுங்காக மெலிந்துகொண்டே போயின. மருத்துவர் ஓர் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு சிவப்புப் புள்ளி. பிடி விட்டுப்போன இடத்தில் குழாய் லேசாக உப்பியிருக்கிறது. இதற்கு லேசரும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் இது இப்படியே நிற்கலாம். அடுத்த வருடம் மறுபடி படம்.

தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சிருக்குமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்பாவின் கண்ணை யாரும் படமெடுத்ததில்லை. அவருடைய காலைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே கேட்டார், தம்பி கண்ணில் என்னவாம் என்று. "ஒரு புள்ளி இருக்கும்மா. புதுசா ஒண்ணும் வளரல" என்றேன். அம்மா தலையாட்டினார். அவனுக்குச் சோறு போடப் போனார். நான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காலண்டரில், அம்மாவின் அடுத்த ஊசித் தேதிக்குப் பக்கத்தில் தம்பியின் பெயரை எழுதினேன். அவனுடைய தேதி அந்தக் காலண்டரில் இல்லை. அடுத்த வருடக் காலண்டர் வந்ததும் முதலில் அதைத்தான் குறிக்க வேண்டும்.